ஏடிடி கடிதத்தைக் கண்ணால் பார்க்காமல் தேர்வுக்குக் கிளம்பாதீர்கள்

அமெரிக்காவில் நர்ஸாக வேலை செய்ய எழுத வேண்டிய உரிமத் தேர்வான என்கிளெக்ஸுக்குத் தயாராகும் நர்ஸ்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். நான் தேர்வு மையம் வரை போய், ஒரு கேள்வியைக்கூடப் பார்க்காமல் திரும்பி வந்தவள்.

எல்லாவற்றையும் தாங்களே முடித்துத் தருவதாகச் சொன்ன ஒரு கன்சல்டன்சியில் முழுப் பணமும் கட்டியிருந்தேன். சான்றிதழ் மதிப்பீடு, ஸ்டேட் போர்டு (அமெரிக்க மாநில நர்சிங் வாரியம்) விண்ணப்பம், தேர்வை நடத்தும் பியர்சன் வியூ நிறுவனத்தில் பதிவு, தேர்வுத் தேதி எல்லாம் அவர்கள் பொறுப்பு. நைட் டியூட்டி முடிந்து வந்து படிக்கவே நேரம் போதாத எனக்கு அது பெரிய உதவியாகத் தெரிந்தது. பதிவுக்கு என் ஈமெயிலை அவர்கள் கேட்கவில்லை. “நாங்களே ஒன்று உருவாக்கிவிட்டோம் சிஸ்டர், உங்களுக்கு எதற்குச் சிரமம்” என்றார்கள். சரி என்று விட்டுவிட்டேன். அங்கேதான் தப்பு நடந்தது.

ஏடிடி, அதாவது தேர்வெழுத அனுமதிக்கும் கடிதம், பதிவில் உள்ள ஈமெயிலுக்குத்தான் வரும். அதற்குச் சராசரியாக 90 நாள்தான் ஆயுள், நீட்டித்துத் தரமாட்டார்கள். எனக்கு அது வந்துவிட்டது என்பதையே பல வாரம் கழித்துத்தான் சொன்னார்கள். கடிதத்தை அனுப்புங்கள் என்று எத்தனையோ முறை கேட்டேன். தேதியும் மையத்தின் முகவரியும் மட்டும் வாட்ஸ்அப்பில் வந்தன.

தேர்வன்று பாஸ்போர்ட்டை நீட்டினேன். பதிவில் என் பெயரில் ஓர் எழுத்தைக் காணோம். முதல் பெயரும் கடைசிப் பெயரும் அடையாள ஆவணத்தில் உள்ளபடி அப்படியே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே விடக் கூடாது என்பது விதி. அங்கிருந்தவர் பொறுமையாக எடுத்துச் சொன்னார், அவர்மேல் எனக்குக் கோபமில்லை. பதிவுக் கட்டணம் 200 டாலர், அமெரிக்காவுக்கு வெளியே எழுதுவதற்கான 150 டாலர், இரண்டும் போயின. மாதக்கணக்கில் தூங்காமல் படித்ததை எந்தக் கணக்கில் எழுதுவது?

கன்சல்டன்சிக்குப் போன் செய்தால், “பெயரை நீங்கள்தானே சரிபார்த்திருக்க வேண்டும்” என்றார்கள். காட்டாத கடிதத்தில் எதைச் சரிபார்ப்பது? கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்டேன். அதற்குத் தனியாக சர்வீஸ் சார்ஜ் கட்டச் சொன்னார்கள்.

இன்னொன்றும் விற்றார்கள்: “போன வாரம் வந்த கேள்விகள்.” நானும் வாங்கிப் படித்தேன். இந்தத் தேர்வில் நாம் சொல்லும் பதிலைப் பார்த்துத்தான் கணினி அடுத்த கேள்வியைத் தேர்ந்தெடுக்கிறது. 85 கேள்வியில் முடிந்தாலும் முடியும், 150 வரையும் போகும். 2023 ஏப்ரலில் வந்த புது முறையில், ஒரு நோயாளியின் நிலைமையைக் கொடுத்து அடுத்து என்ன செய்வாய் என்று படிப்படியாகக் கேட்கிறார்கள். மனப்பாடம் அங்கே உதவாது. அதைவிட முக்கியம், தேர்வுக் கேள்விகளை வெளியே சொல்வதும் வாங்குவதும் விதிமீறல், முடிவையே ரத்து செய்துவிடலாம்.

“எழுதாமலே பாஸ்” என்று யாராவது சொன்னால் அங்கே நிற்கவே நிற்காதீர்கள். பியர்சன் வியூ மையத்தில் உள்ளங்கை நரம்பையே ஸ்கேன் செய்கிறார்கள். பிரிட்டனில் நர்ஸாக வேலை செய்ய எழுதும் சிபிடி என்ற கணினித் தேர்வில், நைஜீரியாவிலுள்ள ஒரு மையத்தில் மோசடி நடந்திருப்பது 2023இல் வெளியே வந்தது. அந்த மையத்தின் முடிவுகள் எதையும் நம்ப முடியாது என்று பிரிட்டன் நர்சிங் கவுன்சில் சொல்லிவிட்டது. நேர்மையாக எழுதியவர்களும் மறுபடி எழுத வேண்டியதாயிற்று.

ஏற்கெனவே ஏஜென்ட் மூலம் பதிவு செய்தவர்கள் இன்றைக்கே லாகின் விவரத்தைக் கேட்டு வாங்குங்கள். ஏடிடியைத் திறந்து, பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்து, பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். பிழை இருந்தால் தேர்வு நாளுக்கு முன்பே பியர்சன் வியூவைத் தொடர்புகொண்டு திருத்தப் பாருங்கள். தரமாட்டேன் என்று ஏஜென்ட் இழுத்தடித்தால் ஸ்டேட் போர்டுக்கு நீங்களே எழுதுங்கள்.

இந்த முறை என் சொந்த ஈமெயிலில் நானே பதிவு செய்திருக்கிறேன். டியூட்டிக்குக் கிளம்பும் முன் உட்கார்ந்தேன், ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.