கசப்பு ஸ்பிரே: பூனைக்கு முழு மதிப்பெண், நாய்க்குப் பாதி

நாய்க்குட்டி வயரையும் மேசைக்காலையும் கடிக்காமல் விட்டுவைக்காததால் வாங்கிய கசப்பு ஸ்பிரே இது. குட்டி வளர்ந்து பெரிய நாயாகிவிட்டது, ஸ்பிரேயை இன்னும் விடவில்லை.

பூனை சார்ஜர் வயரை ஒரே ஒரு தடவைதான் நக்கியது. தலையை உதறி, வாயைச் சப்புக்கொட்டி, தாடையெல்லாம் நுரையாக எச்சில் வழிய ஓடியது, அப்புறம் அந்த வயர் பக்கமே வரவில்லை. நாயோ மூக்கை நக்கிக்கொண்டு கொஞ்சம் யோசித்துவிட்டு மறுபடி கடித்தது.

இது எனக்குப் புதிராகவே இருந்தது. கசப்பை உணரும் ஏற்பிகளுக்கான மரபணுக்கள் மனிதருக்குச் சுமார் 25, நாய்க்குப் பதினைந்து சொச்சம், பூனைக்குப் பன்னிரண்டு சொச்சம், கோழிக்கு வெறும் 3. எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் நாய்தான் முதலில் ஓடியிருக்க வேண்டும். ஆனால் ஸ்பிரேயில் உள்ள கசப்புப் பொருள் எச்சிலில் கரைந்து நாக்கின் சுவை மொட்டுகளைத் தொட்டால்தான் ஏற்பி மூளைக்குச் சேதி அனுப்பும். பூனை நக்கிப் பார்க்கிற ஜாதி. நம்ம ஆள் பல்லால் கவ்வி இழுக்கிறவன், நாக்கில் படுவது குறைவு என்பது என் கணிப்பு.

இதில் உள்ள கசப்புப் பொருளான டெனடோனியம் 1958இல் ஸ்காட்லாந்தில் மரத்துப்போகச் செய்யும் மருந்து ஆராய்ச்சியின்போது தற்செயலாகக் கிடைத்தது. அதற்கென்று வாசனை கிடையாது, அதனால் மூக்கை நம்பி வாழும் நாய்க்கு வயரில் என்ன இருக்கிறது என்று கடித்த பிறகுதான் தெரியும். பலன் தந்த வழி இதுதான்: பஞ்சில் துளி ஸ்பிரே நனைத்து நாயின் உதட்டில் தொட்டுவைத்தேன். ஸ்பிரேயில் கலந்திருக்கும் ஆல்கஹால் நெடியையும் கசப்பையும் அது சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொண்டது, இப்போது முகர்ந்து பார்த்துவிட்டு விலகிப் போகிறது. ஆனால் நெடி சீக்கிரம் பறந்துவிடும், அதனால் அடிக்கடி அடிக்க வேண்டும். துணியில் சுத்தமாக எடுபடவில்லை.

கையைச் சோப்பு போட்டுக் கழுவாமல் சாப்பிட உட்காராதீர்கள், அந்த 25 மரபணுவும் நம்மிடம்தான் இருக்கிறது. புண் உள்ள இடத்தில் அடிக்க வேண்டாம். வயருக்கு அடிக்கும்போது பிளக்கைக் கழற்றிவிட்டு அடியுங்கள், காய்ந்த பிறகு மாட்டுங்கள்.