மூட்டுவலிக்கு ஒத்தடம், வெந்நீர், மெழுகு: பல ஆண்டுப் பயன்பாட்டில் தெரிந்தவை

வலது முழங்காலில் மூட்டுத் தேய்மானம்; விரல் கணுக்களிலும் பிடிப்பு. மதுரையில் தையல் வேலைதான் என் பிழைப்பு என்பதால் காலும் கையும் ஓய்வு கேட்டாலும் கொடுக்க வழியில்லை. மாத்திரையைக் குறைத்துக்கொள்ள மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, சூட்டு வைத்தியங்களைப் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறேன்.

இன்றுவரை கைவிடாதது நொச்சி ஒத்தடம். வயல் வேலியில் காசில்லாமல் கிடைக்கும் இலை. இரும்புச் சட்டியில் கொஞ்சம் விளக்கெண்ணெய் விட்டு, இலை சுருண்டு பச்சை வாடை மாறும்வரை வதக்கி, பழைய வேட்டித் துணியில் கிழி கட்டுகிறேன். முதலில் புறங்கையில் வைத்துச் சூடு பார்த்த பிறகே முழங்காலைச் சுற்றி ஒற்றி எடுப்பேன். பதினைந்து, இருபது நிமிடம் போதும். நொச்சி போட்டுக் காய்ச்சிய வெந்நீரில் குளிப்பதும் சுகம்தான். வாடை மட்டும் மறுநாள்வரை குளியலறையை விட்டுப் போகாது. கல்லுப்பை வறுத்துக் கட்டினால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் தோலைச் சுட்டுவிடும்.

வெந்நீரில் கரைத்துக் காலை ஊறவைக்கும் எப்சம் உப்பில் (மெக்னீசியம் சல்பேட்) எனக்குத் தனிப் பலன் தெரியவில்லை. வெறும் வெந்நீர் தந்த அதே இதம்தான். தவிர, வாளியில் கால் வைத்தால் கணுக்கால் நனைகிறது. வலிக்கிற முழங்கால் வெளியே நிற்கிறது!

விரல்களுக்கு நல்லது மெழுகு. பிசியோதெரபி பிரிவில் பாரஃபின் மெழுகை ஐம்பது டிகிரிக்குச் சற்று மேலே உருக்கி வைத்திருப்பார்கள். அந்தச் சூட்டில் தண்ணீர் என்றால் கை வெந்துவிடும். மெழுகு வெப்பத்தை மெல்ல விடுவதால் தாங்க முடிகிறது. கையைப் பலமுறை முக்கி எடுத்ததும் வெள்ளை உறை போலப் படியும். அதன்மேல் பிளாஸ்டிக் உறை, துண்டு. உரித்தெடுத்ததும் விரல்கள் மெத்தென்று மடங்கும், ஊசியில் நூல் கோர்க்கலாம். வீட்டு அடுப்பில் மெழுகு உருக்க வேண்டாம், தீப்பிடிக்கும்.

எந்தச் சூடும் தேய்ந்த குருத்தெலும்பை வளர்த்துவிடாது. தசையைத் தளர்த்தி, வலியைக் கொஞ்ச நேரம் தணிக்கிறது, அவ்வளவே. "அம்மா, சூடு ஆறுவதற்குள் காலை நீட்டி மடக்குங்கள்" என்று பயிற்சி சொல்லித்தந்த பெண் விரட்டியதுதான் எனக்குக் கிடைத்த பெரிய மருந்து. நாற்காலியில் உட்கார்ந்து, காலை நேராக நீட்டி, தொடைத் தசையை இறுக்கி வைத்து மெல்ல இறக்க வேண்டும். தொடைத் தசை வலுத்த பிறகுதான் மாடிப்படி சுலபமானது. ஒத்தடம் கொடுத்துவிட்டுத் தொலைக்காட்சித் தொடர் பார்ப்பவர்களுக்கு இதம் மட்டுமே மிச்சம்.

மேலூர்ப் பக்கம் தங்கை வீட்டுக்குப் போனால் பம்புசெட் தொட்டியில் இறங்கி நடப்பேன். இடுப்பளவு நீர் உடல் எடையில் ஏறத்தாழ பாதியைத் தாங்கிக்கொள்கிறது. ஆழ்துளைக் கிணற்று நீர் விடியற்காலையில் வெதுவெதுப்பாகவும் இருக்கும். தொட்டிப் பாசி வழுக்கும், துணைக்கு ஆள் வேண்டும்.

மூட்டு சிவந்து, வீங்கி, தொட்டாலே கொதித்தால் சூடு வேண்டாம். துணியில் சுற்றிய ஐஸ்தான். சர்க்கரை நோயால் கால் மரத்தவர்களுக்குச் சுடுவதே தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். வலிக்களிம்பு தடவிய இடத்திலும் ஒத்தடம் கூடாது. காலையில் விரல் பிடிப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் முடக்குவாதமாக இருக்கலாம். நொச்சியைத் தேடி அலையாமல் மருத்துவரைப் பாருங்கள்.