கைரம்பம் மூன்று: பல் மழுங்கிய பிறகு தெரியும் வேறுபாடு

புதிய கைரம்பம் எதுவானாலும் முதல் சில பலகைகளை நன்றாகவே அறுக்கும். அதனால் கடையில் கையில் எடுத்துப் பார்ப்பதாலோ, வாங்கிய வாரத்திலேயே கருத்து எழுதுவதாலோ ஒரு ரம்பத்தின் குணம் பிடிபடுவதில்லை. பல் மழுங்கத் தொடங்கும்போது அது எப்படி நடந்துகொள்கிறது, மழுங்கிய பல்லை நாம் என்ன செய்ய முடியும் என்ற இரண்டும் தெரிந்த பிறகுதான் எதற்குக் காசு கொடுத்தோம் என்பது புரிகிறது. மேசை, அலமாரி, சன்னல் சட்டம், மரப்பெட்டி என வீட்டுக்கு வேண்டியவற்றைப் பல ஆண்டுகளாகக் கையாலேயே அறுத்துச் செய்து வருகிறேன். பெருங்கட்டைகளை மரவாடியிலேயே மெஷினில் பிளந்து வாங்கிக்கொள்வேன். அளவுக்கு நறுக்குவது, பலகையை நீளவாக்கில் கிழிப்பது, கழுந்து (மற்றொரு மரத்தின் துளைக்குள் நுழையும் முனை) எடுப்பது ஆகியவை கைரம்பத்தின் வேலை. மரம் பெரும்பாலும் தேக்கும் வேம்பும். அவற்றோடு இறக்குமதிச் சரக்கு வந்த பெட்டிகளைப் பிரித்தெடுத்த பைன் பலகைகள்.

என்னிடம் இருப்பவை மூன்று வகை. ஒன்று, இன்று இரும்புக்கடைகளில் தொங்குகிற, பிளாஸ்டிக் பிடி போட்ட, பல்நுனி மட்டும் கருநீலமாக இருக்கும் ரம்பம். இரண்டாவது, இழுக்கும்போது அறுக்கிற ஜப்பானிய ரியோபா. மூன்றாவது, அரம் போட்டுத் தீட்டத்தக்க எஃகுத் தகட்டில் மரப்பிடி பொருத்திய பழைய பாணி ரம்பம். பழைய சாமான் கடையில் கிடைத்தது, தகட்டில் ஷெஃபீல்டு என்ற பொறிப்பு பாதி அழிந்திருக்கிறது.

கடை ரம்பத்தின் பல்லில் தெரியும் கருநீலம், பல்நுனியை மட்டும் மின்தூண்டல் முறையில் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் கடுமையாகச் சூடேற்றி உடனே குளிரவைப்பதால் உண்டாவது. தகட்டின் மற்றப் பகுதி வளைந்து நிமிரும் தன்மையோடு இருக்க, நுனி மட்டும் அரத்தின் கடினத்தை நெருங்கிவிடுகிறது. அதனால் சாதாரண எஃகுப் பல்லைவிடப் பல மடங்கு காலம் கூர் நிற்கிறது. அதே காரணத்தால், கூர் போன பின் அரம் அதன்மேல் வழுக்கிக்கொண்டு போகுமே தவிரக் கடிக்காது. பாக்கோ 244 இந்த வகையில் எங்கும் பேசப்படுகிற ரம்பம். அதன் உறையில் காணும் 7/8 என்ற குறிப்பு, ஓர் அங்குலத்துக்கு 7 முழுப் பல், இரு கோடியிலும் உள்ள நுனிகளையும் சேர்த்து எண்ணினால் 8 முனை என்பதைச் சொல்கிறது. பிடியின் விளிம்பைத் தகட்டின் முதுகோடு சேர்த்துப் பலகை ஓரத்தில் வைத்து 90 பாகையிலும் 45 பாகையிலும் கோடு கிழிக்கலாம் என்பது சிறு வசதி. கூரைச் சட்டம் நறுக்கும் நாளில் மூலைமட்டத்தைத் தேட வேண்டியதில்லை.

இந்த வகையின் பலம் குறுக்கு வெட்டில்தான். ஒவ்வொரு பல்லும் மூன்று பக்கம் சாய்த்துத் தீட்டப்பட்டிருப்பதால் மரத்தின் நாரைக் கத்தி போல அறுத்துக்கொண்டு இறங்குகிறது. பைன் சட்டம், பிளைவுட், சிமென்ட் ஒட்டிய சென்ட்ரிங் பலகை என எதைக் கொடுத்தாலும் தயங்குவதில்லை. குறிப்பாகப் பிளைவுட்டின் பசை மற்ற இரண்டு ரம்பங்களின் கூர்மையையும் விரைவில் தின்றுவிடும், இது தாங்குகிறது. தேக்கில் இயல்பாகவே சிலிக்கா இருப்பதால் எந்தக் கருவியின் முனையும் அதில் சீக்கிரம் மழுங்கும். அங்கேயும் இந்தக் கடினப் பல் நெடுநாள் நிற்கிறது என்பதை என் கையே உணர்ந்திருக்கிறது.

ஆனால் நீளவாக்கில் கிழிப்பதற்கு இதை நம்பி உட்கார்ந்தால் தோள்பட்டைதான் தேயும். நாரின் போக்கிலேயே அறுக்கும்போது நாரைக் குறுக்கே வெட்ட வேண்டிய தேவை இல்லை. உளி செதுக்குவதுபோல நாரின் தலையைச் சீவி எடுத்துக்கொண்டு போக வேண்டும். அதற்குப் பல்லின் முன்முகம் ஏறக்குறைய செங்குத்தாக நிற்க வேண்டும், நுனி குறுக்கே நேராகத் தீட்டப்பட்டிருக்க வேண்டும், பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே சீவல் தங்க இடமும் வேண்டும். கடை ரம்பங்கள் எல்லா வேலைக்கும் ஏற்றவை என்று உறையில் எழுதப்பட்டாலும், அவற்றின் பல் அடிப்படையில் குறுக்குப் பல். ஓரங்குலத் தேக்குப் பலகையை நீளவாக்கில் கிழிக்க அது எடுக்கும் நேரத்தில் பாதிகூடக் கிழிப்புப் பல் ரம்பத்துக்கு ஆகாது. கிழிக்கிற வேலை முழுவதும் மெஷினுக்குப் போய்விட்டதால் கிழிப்புப் பல் வைத்த கைரம்பம் இரும்புக்கடையிலிருந்தே மறைந்துவிட்டது. கையால் வேலை செய்பவர்களுக்கு இது உண்மையான இழப்பு என்று நினைக்கிறேன்.

இன்னொரு குறை ஆணி. பெட்டிப் பலகையில் புதைந்திருந்த ஓர் ஆணி, கண்ணுக்குத் தெரியாமல் ரம்பத்தின் வழியில் வந்தபோது, அடுத்தடுத்த மூன்று நான்கு பற்கள் அடியோடு ஒடிந்து போயின. கடினம் ஏற ஏற நொறுங்கும் குணமும் ஏறும் என்பதால் இதை எந்த நிறுவனத்தின் குற்றமாகவும் சொல்ல முடியாது. பல் போன இடம் ஒவ்வொரு தள்ளலிலும் தட்டும், சரிசெய்ய வழியில்லை. இப்படி ஓய்ந்துபோன ரம்பத்தின் தகட்டை நான் எறிவதில்லை. நல்ல வில்லெஃகு ஆனதால், செவ்வகமாக வெட்டி விளிம்பை மடக்கித் தீட்டினால் மரத்தின் மேற்பரப்பைச் சுரண்டி மெருகாக்கும் தகடாகப் பயன்படுகிறது. இழைப்புளி பிய்த்தெடுக்கும் முறுக்கு ரேகை உள்ள வேம்பில், உப்புத்தாளைவிட அது சுத்தமாக வேலை செய்கிறது.

ரியோபாவுக்கு வருகிறேன். தள்ளும் ரம்பத்தின் தகடு தள்ளும் அழுத்தத்தில் வளையாமல் நிற்க வேண்டுமானால் ஓரளவு தடிப்பு இருந்தே ஆக வேண்டும். கடை ரம்பத்தில் அது 0.8 முதல் 0.9 மில்லிமீட்டர் வரை வரும். இழுக்கும் ரம்பத்தில் அறுக்கும் நேரத்தில் தகடு விறைப்பாக இழுபட்டு நிற்பதால், சுமார் அரை மில்லிமீட்டர் தகடே போதும். வெட்டு மெலிதாகிறது, தூளாகும் மரமும் குறைகிறது, கைக்குப் பாரமும் குறைகிறது. ஒரு பக்கம் குறுக்குப் பல், மறுபக்கம் கிழிப்புப் பல். கிழிப்புப் பற்கள் பிடிக்கு அருகே சிறியவையாகத் தொடங்கி நுனியை நோக்கிப் பெரிதாகிக்கொண்டே போவதால், வெட்டைத் தொடங்கும்போது பிடிக்கு அருகிலுள்ள சிறு பற்களை வைத்து மெல்ல இழுத்தால் மரம் பிசிறாமல் பள்ளம் விழுந்துவிடும். ஹியோகோ மாநிலத்தின் மிக்கி நகரமும் அதன் சுற்றுப்புறமும் இத்தகைய தச்சுக் கருவிகளுக்குப் பேர்போன இடங்கள்; இங்கே இணையக் கடைகளில் கிடைக்கும் கியோகுச்சோ போன்ற பெயர்களும் அந்த வட்டாரத்தைச் சேர்ந்தவையே.

கழுந்தின் தோள்பட்டையை, அதாவது கழுந்து தொடங்கும் இடத்துப் படியை, வெட்டுவதற்கு இதைவிட நல்ல ரம்பத்தை நான் கையாண்டதில்லை. கத்தியால் கீறிய கோட்டில் தகட்டைச் சாய்த்து இழுத்தால், வெட்டிய முகம் உளி பட வேண்டிய தேவையே இல்லாத அளவுக்கு மழமழப்பாக வருகிறது. தரையில் உட்கார்ந்து, தாழ்ந்த கட்டையின் மேல் மரத்தை வைத்துக் காலால் மிதித்துப் பிடித்து அறுக்கும் நம் ஊர்த் தச்சர்களின் இருப்புக்கும் இழுவை ரம்பம் பொருந்துகிறது. உயரமான மேசையில் வைஸில் பிடித்து நின்றுகொண்டு அறுப்பவர்களுக்கு அந்தச் சுகம் பாதிதான் கிடைக்கும். இழுக்கும்போது மரத்தூள் நம் பக்கமாகவே வந்து கோட்டை மூடுவதால் அடிக்கடி ஊத வேண்டியிருக்கிறது. கண்ணாடி போடாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது.

நீண்ட காலப் பயன்பாட்டில் தெரியவந்த எல்லை ஒன்று உண்டு. ஜப்பானியத் தச்சர்கள் பெரிதும் கையாளும் சுகி, ஹினோக்கி போன்ற மரங்கள் மென்மையானவை. இந்த நீண்ட, மெல்லிய பற்கள் அவற்றுக்காக உருவானவை. வைரம் பாய்ந்த வேம்பின் கணுவிலோ, வேங்கையிலோ அவசரமாக இழுத்தால் நுனிகள் பொடிந்துவிடுகின்றன. வன்மரத்துக்கென்று குட்டையான பல் வைத்த அலகுகளும் செய்கிறார்கள். இங்கத்திய மரம் அறுப்பவர்கள் அதைத்தான் கேட்டு வாங்க வேண்டும். இன்றைய அலகுகளில் பெரும்பாலானவை நுனி கடினமாக்கப்பட்டவை என்பதால், மழுங்கினால் அலகையே மாற்ற வேண்டியதுதான். ஒரு மாற்று அலகின் விலையில் இங்கே ஒரு முழுக் கடை ரம்பம் வாங்கிவிடலாம். எனவே பெட்டிப் பலகையையும் பிளைவுட்டையும் ரியோபாவுக்குக் காட்டுவதே இல்லை.

மூன்றாவது ரம்பத்தைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. அதன் தகடு பல் பக்கம் தடித்தும் முதுகுப் பக்கம் மெலிந்தும் இருக்கும்படி தேய்த்துச் செய்யப்பட்டது. அதனால் வெட்டுக்குள் தகடு இறுகுவதில்லை. பற்களை இடமும் வலமுமாகச் சாய்த்து வைக்கும் அளவைக் குறைவாக வைத்தாலே போதும். சாய்ப்பு குறையக் குறைய வெட்டு நேராகப் போகும், கைக்கு உழைப்பும் குறையும். தடிப்பு ஒரே சீராக இருக்கும் மலிவுத் தகடுகளுக்கு அதிகச் சாய்ப்பு கட்டாயம். ஈரம் காயாத மரத்துக்கு எந்த ரம்பமானாலும் அதிகச் சாய்ப்பு வேண்டும்.

பல் மழுங்கியிருக்கிறதா என்பதை வெயிலில் பார்த்தே சொல்லிவிடலாம். ரம்பத்தை முதுகு கீழாக வைத்துப் பல் வரிசையைச் சூரிய வெளிச்சத்துக்குக் காட்டினால், கூரான பல்லின் நுனியில் ஒன்றும் தெரியாது. மழுங்கிய நுனிகளில் மட்டும் வெண்ணிறப் புள்ளி மின்னும். தீட்டும் முறையும் இந்த ஒளியைக் கொண்டே நடக்கிறது. முதலில் தட்டை அரத்தைப் பல் வரிசையின் மேல் நீளவாக்கில் மெல்ல ஓட்டி எல்லாப் பற்களையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவர வேண்டும். அப்போது ஒவ்வொரு நுனியிலும் சின்னஞ்சிறு தட்டைத் தளம் ஒன்று உண்டாகிப் பளபளக்கும். பிறகு இரண்டு மரச்சட்டங்களுக்கு நடுவே தகட்டை இறுக்கிப் பிடித்து, முப்பட்டை அரத்தால் பள்ளம் பள்ளமாகத் தீட்டிக்கொண்டே போய், அந்தப் பளபளப்பு மறைகிற கணத்தில் நிறுத்த வேண்டும். அதற்கு மேல் ஓர் இழுப்புகூடக் கூடாது. கூடினால் அந்தப் பல் குட்டையாகி, அதன் வேலையைப் பக்கத்துப் பல் சுமக்கும். கிழிப்புப் பல்லுக்கு அரத்தைத் தகட்டுக்கு நேர் குறுக்கே பிடிக்க வேண்டும்; குறுக்குப் பல்லுக்குச் சுமார் 20 பாகை சாய்த்துப் பிடிக்க வேண்டும். இந்த ரம்பத்தை நான் கிழிப்புப் பல்லாகவே வைத்திருக்கிறேன்.

தீட்டிய அன்று தேக்கில் 60 பாகைச் சாய்வில் இதை வைத்துக் கிழித்தால், மாவு போன்ற தூளுக்குப் பதிலாகச் சுருண்ட சிறு சீவல்கள் கீழே விழும். சத்தமே மாறிவிடும். ஆணியில் பட்டாலும் இந்தப் பல் ஒடிவதில்லை. மழுங்கும் அல்லது வளையும், அடுத்த தீட்டலில் சரியாகிவிடும். கடினப் பல்லைவிட வெகு சீக்கிரம் மழுங்குகிறது என்பது உண்மை. ஆனால் முழுப் பல் வரிசையையும் தீட்ட ஒரு மாலை நேரத்தில் ஒரு பகுதி போதும், அரத்தைத் தவிர வேறு செலவு இல்லை. முறையாகத் தீட்டி வந்தால் ஒரு தகடு ஒரு மனிதனின் உழைப்புக் காலத்தைத் தாண்டி நிற்கும். ஷெஃபீல்டில் தாமஸ் ஃப்ளின், அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் லீ-நீல்சன் போன்ற நிறுவனங்கள் இன்றும் இப்படித் தீட்டத்தக்க ரம்பங்களைச் செய்கின்றன. விலை நம்மைத் தயங்க வைக்கும். துருவேறாத பழைய தகடு கிடைத்தால் எனக்கு அதுவே மேல்.

பராமரிப்பில் மூன்றுக்கும் பொதுவான செய்திகள் சிலவே. மழைக்காலத்தில் தகட்டில் தையல் மெஷின் எண்ணெய் தடவித் துடைத்து வைப்பது நல்லது. தேங்காயெண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்துத் தூளைப் பிடித்துக்கொள்ளும். பைன் பிசினை மண்ணெண்ணெய் நனைத்த துணி எடுத்துவிடும். அறுக்கும் நடுவில் தகட்டின் இருபுறமும் மெழுகுவத்தியால் ஒரு கோடு இழுத்தால் உராய்வு உடனே குறைவது கையில் தெரியும். தள்ளும் ரம்பத்தின் பிடியில் மூன்று விரல் பற்றியிருக்க, ஆட்காட்டி விரல் தகட்டின் போக்கில் நீண்டிருந்தால் கோடு விலகுவது வெகுவாகக் குறையும்.

ஒரே ஒரு ரம்பம்தான் வாங்க முடியும் என்பவருக்கு நான் சொல்வது 7 பல் கடை ரம்பத்தைத்தான். வீட்டு வேலையில் பெரும்பங்கு குறுக்கு வெட்டு. கழுந்தும் துளையுமாகச் சேர்த்து மரச்சாமான் செய்ய விரும்புபவர் அடுத்து வன்மரத்துக்கான ரியோபா வாங்கலாம். பலகை கிழிக்கும் வேலை கையால் நடக்க வேண்டுமானால் தீட்டத்தக்க ரம்பமும் அரமும் தவிர வேறு வழியில்லை. முப்பட்டை அரம் வாங்கும்போது அதன் பட்டையின் அகலம் பல்லின் ஆழத்தைப்போல் இரண்டு மடங்குக்குச் சற்று அதிகமாக இருக்கிறதா என்று பல்லோடு வைத்துப் பார்த்து வாங்க வேண்டும். அப்போதுதான் அரத்தைத் திருப்பிப் பிடித்து மூன்று முனைகளையும் புதிய கூரோடு பயன்படுத்த முடியும். அரம் தள்ளும்போது மட்டுமே கடிக்கும் என்பதால், திரும்பி வரும்போது அதைப் பல்லிலிருந்து தூக்கிவிட வேண்டும்.