ஃப்ரன்டோசா மீன் என்று சொல்லி மலிவான கான்விக்ட் மீனைத் தள்ளிவிட்டார்கள், 9,600 ரூபாய் போச்சு

குன்னூர், கோத்தகிரி, ஊட்டிப் பக்கம் சிக்லிட் (ஃப்ரன்டோசா, கான்விக்ட் எல்லாம் சேர்ந்த தொட்டி மீன் குடும்பம்) வளர்க்கிறவர்கள் தயவுசெய்து படியுங்கள். நேற்று இரவுதான் எனக்கு உறுதியானது, ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

கீழே சமவெளியில் இருந்து வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்து பஸ் பார்சலில் மீன் அனுப்பும் ஒரு கடை. ஃப்ரன்டோசா குஞ்சு, ரெண்டு இஞ்ச், ஒன்று 1,600 ரூபாய் என்றார். நெற்றி புடைத்த, நீலம் ஓடிய பெரிய மீன்களின் வீடியோ அனுப்பினார். "இதுங்கதான் தாய்மீன், நம்ம கடையிலயே பொரிச்ச குஞ்சுண்ணா. ஊட்டிக்கு வாராவாரம் போகுது. உங்களை ஏமாத்திட்டு நான் எங்க போகப் போறேன்?" அண்ணா அண்ணா என்று அவர் பேசிய விதத்தை நம்பித்தான் ஆறு குஞ்சுக்கு 9,600 ரூபாயை முன்பணமாகவே அனுப்பினேன். ஆப்பிரிக்காவின் தாங்கனீக்கா ஏரி மீனாயிற்றே, எங்கள் மென்னீர் (சுண்ணாம்புச் சத்து குறைந்த தண்ணீர்) ஒத்துக்கொள்ளாது என்று, அதைக் கடினமாக்கப் பவளத் துண்டுகள், புது ஹீட்டர் என்று தனிச் செலவு வேறு.

பையைப் பிரித்தால் ஆறும் வெளிறிக் கிடந்தன. கோடே தெரியவில்லை. போன் செய்தேன். "மலைக் குளிர்ண்ணா, ஸ்ட்ரெஸ்ல நிறம் போயிருக்கும், ஒரு வாரத்துல வந்துரும்." பயணத்தில் சிக்லிட் வெளிறும் என்பது உண்மைதான். அந்த உண்மையை வைத்துத்தான் என் வாயை அடைத்தார்.

அப்புறம் நிறம் வந்தது. ஃப்ரன்டோசாவுக்கு ஆறு ஏழு பட்டை இருக்க வேண்டும், இதற்கு எட்டு ஒன்பது. ஒரு மீனின் வயிற்றில் ஆரஞ்சு நிறம் ஏறியது. படம் அனுப்பினேன், "லைட்டைக் குறைங்க" என்றார். மறுபடி கேட்டதற்கு, "ஹீட்டர் சரியா வேலை செய்யலை போல." நேற்று இரவு அந்த ஆரஞ்சு வயிற்றுக்காரி மண்சட்டியின் உள்சுவரில் முட்டை ஒட்டியிருக்கிறாள்! ஃப்ரன்டோசா முட்டையை வாயில் வைத்து அடைகாக்கும் மீன், பருவத்துக்கு வரவே வருஷக்கணக்காகும். ரெண்டு இஞ்சில் சட்டியில் முட்டையிடுவது மத்திய அமெரிக்காவின் கான்விக்ட். எந்த மீன் கடையிலும் மலிவாகக் கிடைப்பது, அதற்கு என்னிடம் 9,600 ரூபாய்!

முட்டைப் படத்தையும் அனுப்பினேன். "உயிரோட வந்து சேர்ந்துச்சுல்ல? எங்க கேரண்டி அவ்வளவுதான்." அதன் பிறகு என் நம்பரையே பிளாக் செய்துவிட்டார். 9,600 ரூபாயில் ஒரு ரூபாய் திரும்பவில்லை.

நிறம் போனாலும் முள் போகாது, அதை எண்ணுங்கள். வாலுக்குச் சற்று முன்னால், ஆசனவாய்க்குப் பின்னால் அடிப்பக்கத்தில் இருக்கும் ஒற்றைத் துடுப்பின் முன்பகுதியில் கெட்டியான முட்கள் வரிசையாக இருக்கும். ஃப்ரன்டோசாவுக்கு மூன்றே மூன்று. கான்விக்ட்டுக்கு அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். மீனைச் சின்னக் கண்ணாடிப் பெட்டியில் விட்டுப் பக்கவாட்டில் கிட்டத்தில் படம் எடுத்தால் தெளிவாகத் தெரியும். ஆப்பிரிக்காவின் இன்னொரு ஏரியான மலாவியின் சிக்லிட்களுக்கும் பொதுவாக மூன்றுதான், அதனால் கான்விக்ட் போன்ற மத்திய அமெரிக்க சிக்லிட்டை மலாவி மீன் என்று யாராவது விற்றாலும் இதிலேயே மாட்டிக்கொள்வார்கள்.

முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள். இனம் மாறி வந்தால் பணம் திரும்பத் தருவதாக எழுத்தில் வாங்குங்கள். தாய்மீன் வீடியோ கேட்டால், அன்றைய தேதி எழுதிய தாளைத் தொட்டிக் கண்ணாடியில் ஒட்டி எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மழுப்பினால் வாங்கவே வேண்டாம்.