“முகம் காட்டத் தேவையில்லை” என்று சொல்லி வந்த வேலை

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து அக்காமாருக்கும் தங்கச்சிமாருக்கும் இதை எழுதுகிறேன். நான் செங்கலடிக்குக் கிட்ட இருக்கிறேன், வயது 27. பெயர் போடவில்லை, அம்மா ஊரில் நாலு பேர் முகத்தில் முழிக்க வேண்டும். ஆனால் நடந்ததில் எதையும் மறைக்கவில்லை.

போன கார்த்திகை மழையோடு நான் நின்ற கடையை மூடிவிட்டார்கள். வீட்டில் இரண்டு நுண்கடன் ஓடிக்கொண்டிருந்தது. கிழமைக் கூட்டத்துக்கு நான் காசு கொண்டுபோகாவிட்டால் குழுவில் இருக்கிற மற்றப் பெண்கள் என் பங்கையும் போட வேண்டும். அந்தக் கூட்டத்தில் வெறுங்கையோடு போய் இருந்தவர்களுக்கு அது எப்படி என்று தெரியும். அப்படியொரு நாளில்தான் பேஸ்புக்கில் இந்த மெசேஜ் வந்தது:

“வணக்கம் சகோதரி, நீங்கள் எங்கள் லைவ் ஹோஸ்ட் வேலைக்குத் தெரிவு செய்யப்பட்டுள்ளீர்கள். வீட்டிலிருந்தே நாளுக்கு 3 மணித்தியாலம். மாதம் 3 லட்சம் வரை. முகம் காட்டத் தேவையில்லை. இன்று 5 இடம் மட்டும்.”

நான் எங்கேயும் விண்ணப்பிக்கவே இல்லை. கேட்காத வேலைக்கு எப்படித் தெரிவாக முடியும்? அந்தக் கேள்வி எனக்கு வந்தது. 3 லட்சம் என்ற எழுத்தைப் பார்த்ததும் அதை ஒதுக்கிவிட்டேன்.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். அது கமராவுக்கு முன்னால் இருந்து முன்பின் தெரியாத ஆண்களோடு கதைக்கிற வேலை. வெப்கேம் மொடல் என்பார்கள். விளங்கித்தான் பதில் போட்டேன். என்னை ஏச நினைக்கிறவர்கள் ஏசலாம். ஆனால் அந்த ஏச்சுக்குப் பயந்து வாய் திறக்காமல் இருக்கிற பெண்களை நம்பித்தான் இந்த ஏமாற்றுக் கூட்டம் பிழைக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

பதில் போட்ட பத்து நிமிடத்துக்குள் வாட்ஸ்அப்புக்கு வரச் சொன்னார்கள். “மனேஜர் மேடம்” என்று ஒருத்தி. நல்ல மரியாதையாக “தங்கச்சி, தங்கச்சி” என்றுதான் எழுதுவாள். வொய்ஸ் அனுப்பச் சொன்னால் அனுப்ப மாட்டாள், ஒஃபிஸில் சத்தம் என்பாள். முதலில் பதிவுக் கட்டணம் 4,500 ரூபாய், முதல் சம்பளத்தோடு திருப்பித் தருவோம் என்றாள். அவள் தந்த கணக்கு இலக்கத்துக்கு வங்கி மெஷினில் போட்டேன். ரசீதில் வேறொரு பெண்ணின் பெயர் வந்தது. கேட்டேன், “அது எங்கள் கணக்காளர்” என்றாள். அந்தப் பெயருக்குரிய பெண்ணும் என்னைப் போல ஏமாந்து தன் வங்கிக் கணக்கைக் கொடுத்தவளாக இருக்கலாம் என்று பின்னால்தான் யோசித்தேன்.

அப்புறம் அடையாள அட்டை. முன்பக்கம், பின்பக்கம், அதோடு அட்டையை நாடிக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு ஒரு செல்பி. 18 வயது தாண்டியதை உறுதிப்படுத்த என்றாள். இந்த இடத்தில்தான் பலர் நம்பிவிடுகிறோம், ஏனென்றால் உண்மையான தளங்களும் வயதைப் பார்க்கத்தான் செய்கின்றன. ஆனால் அங்கே அட்டையை நாமே அந்தத் தளத்துக்குள் போய், நம் பெயரில் கணக்குத் திறந்து ஏற்றுவோம். யாரோ ஒருத்தியின் வாட்ஸ்அப்புக்கு அனுப்புகிற வேலை அங்கே இல்லை. சேருவதற்குக் காசும் கேட்பதில்லை. பார்க்கிறவர்கள் கொடுக்கிற காசில் தளம் தன் பங்கைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைத் தரும், இடையில் ஏஜென்சி இருந்தால் அதுவும் அந்த வருமானத்தில் இருந்துதான் எடுக்கும். உழைக்க முதலே கைக்காசு கேட்கிற இடத்தில் வேலை இல்லை.

இனி அந்த இன்டர்வியூ. இதை எழுத எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் எல்லாம் இதில்தான் இருக்கிறது.

இரவு ஒன்பது மணிக்கு வீடியோ கோல் வந்தது. அவள் பக்கம் கமரா இல்லை, கறுப்புத் திரை மட்டும், “எங்கள் பக்கம் நெட் சரியில்லை” என்று எழுத்தில் வந்தது. முகம் காட்டத் தேவையில்லை என்றவர்கள் இப்போது லைட்டைப் போட்டு முகத்தை நேரே காட்டச் சொன்னார்கள். அலமாரிப் பக்கம் திரும்பச் சொன்னார்கள். பிறகு ஷோலை எடுக்கச் சொன்னார்கள். பிறகு இன்னும் கொஞ்சம். ஒவ்வொன்றுக்கும் “இது எல்லாப் பிள்ளைகளும் செய்கிறதுதான் தங்கச்சி, கிளையன்டுக்கு அனுப்ப வேண்டும்” என்று எழுதினாள். நான் கையைக் கமராவில் வைத்து மறைத்து, “காணும்” என்றேன். உடனே கோல் கட்டாகிவிட்டது. மொத்தம் ஏழு நிமிடம் இருக்கும்.

அடுத்த நாள் காலை என் போனுக்கு மூன்று படம் வந்தது. முதலாவது நேற்றைய வீடியோவில் இருந்து. இரண்டாவது என் அடையாள அட்டை. மூன்றாவது என் பேஸ்புக் நண்பர் பட்டியலின் ஸ்கிரீன்ஷொட், அதில் என் மாமா, கோயில் நிர்வாகத்தில் இருக்கிற ஒரு அண்ணன், நான் படிப்பித்த டியூஷன் பிள்ளைகளின் தாய்மார் இவர்களின் பெயருக்கெல்லாம் சிவப்பு வட்டம். கீழே ஒரு வரி: “75,000. பின்னேரம் 4 மணி.” அன்றைக்கு “தங்கச்சி” இல்லை.

தோட்டை அடகு வைத்து 20,000 போட்டேன். அது நான் விட்ட பெரிய பிழை. இரண்டு நாள்தான் சும்மா இருந்தார்கள், பிறகு 50,000 கேட்டார்கள். கொடுக்கிறவள் என்று தெரிந்துவிட்டால் விட மாட்டார்கள்.

அந்த இரவு அக்காவிடம் சொன்னேன். அவ ஏசுவா என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, “முதலில் ஒன்றையும் அழிக்காதே” என்றா. நான் வெட்கத்தில் எல்லா மெசேஜையும் அழிக்கத்தான் இருந்தேன். இரண்டு பேரும் இருந்து எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்தோம், நம்பர், கணக்கு இலக்கம், ரசீது, நேரம் எல்லாம் தெரிகிற மாதிரி. அதற்குப் பிறகுதான் புளொக் செய்தோம். நண்பர் பட்டியலை மற்றவர்கள் பார்க்க முடியாதபடி அக்கா மாற்றிவிட்டா.

மெசேஜ் அனுப்பிய பேஸ்புக் பக்கத்தையும் அக்கா தோண்டிப் பார்த்தா. பேஸ்புக் பக்கங்களில் “பேஜ் ட்ரான்ஸ்பேரன்சி” என்று ஒரு இடம் இருக்கிறது. பக்கம் எப்போது தொடங்கியது, முன்னர் என்ன பெயர் என்று அதில் தெரியும். இது முதலில் சாறி விற்கிற பக்கமாக இருந்திருக்கிறது, பிறகு லோன் தருகிற பக்கம், அதற்குப் பிறகுதான் வேலை தருகிற பக்கம். “சம்பளம் கிடைத்தது, நன்றி மேடம்” என்று கீழே இருந்த கருத்துகள் எல்லாம் ஒரே நாளில் போட்டவை. மனேஜர் மேடத்தின் படத்தை கூகுள் லென்ஸில் போட்டால் வேறு நாட்டு உடுப்புக் கடையொன்றின் விளம்பரத்தில் அதே முகம் வந்தது. ஐந்து நிமிட வேலை. பதில் போட முதல் நான் செய்திருக்க வேண்டியது.

புளொக் செய்த மூன்றாம் நாள் வேறொரு நம்பரில் ஒருவர், கொழும்பு சைபர் பொலிஸ் என்றார். என் வீடியோ பற்றிக் கேஸ் வந்திருக்கிறதாம், 60,000 கட்டினால் மூடிவிடலாமாம். ஒரு நிமிடம் எனக்குக் கை கால் உதறியது. பொலிஸ் வாட்ஸ்அப்பில் காசு கேட்காது என்று சொல்லி அக்காதான் போனைப் பறித்து வைத்தா. இன்னொருவர் இன்பொக்ஸில் வந்து, ஹேக் பண்ணி அந்த வீடியோவை அழித்துத் தருகிறேன், 15,000 போதும் என்றார். என் விஷயம் அவருக்கு எப்படித் தெரியும்? ஒரே கூட்டம்தான்.

பொலிஸுக்குப் போகப் பயந்தேன், என்னையே குற்றவாளி ஆக்கிவிடுவார்களோ என்று. அக்காவோடு போனேன். பொலிஸின் சிறுவர் மகளிர் பணியகத்தில் இருந்த பெண் அதிகாரி ரசீதுகளைப் பார்த்துவிட்டு, மிரட்டிக் கப்பம் வாங்கியது என்றுதான் முறைப்பாட்டை எழுதினார். அந்தப் பணியகத்துக்கு 109க்கு எடுக்கலாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. இணையத்தில் நடக்கிற பிரச்சினைகளுக்கு, இணையப் பாதுகாப்பைப் பார்க்கிற இலங்கை செர்ட் (CERT) நிறுவனத்தின் இலக்கம் 101.

இன்னொன்றும் செய்தோம். ஸ்டொப் என்சிஐஐ (StopNCII.org) என்று ஒரு இலவசத் தளம் இருக்கிறது. நம் அந்தரங்கப் படத்தை அங்கே தெரிவு செய்தால், படம் நம் போனை விட்டு வெளியே போகாது. அதிலிருந்து ஒரு அடையாளக் குறியீடு மட்டும் போகும். பேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டொக்கில் யாராவது அந்தப் படத்தை ஏற்றினால் அந்தக் குறியீட்டை வைத்துப் பிடித்துத் தடுப்பார்கள். மிரட்டியவன் அனுப்பிய படம் நம்மிடம் இருந்தால்தான் இதைச் செய்யலாம், அதனால்தான் அழிக்க வேண்டாம் என்கிறேன். வாட்ஸ்அப்பில் ஆளுக்கு ஆள் அனுப்புவதை இது தடுக்காது. 18க்குக் கீழே இருக்கிற பிள்ளைகள் என்றால் டேக் இட் டவுன் என்ற தளம், 1929 என்ற சிறுவர் உதவி இலக்கம்.

துபாய் ஸ்டூடியோ, தாய்லாந்து ஸ்டூடியோ, டிக்கெட் நாங்கள் போடுகிறோம் என்று வந்தால் பதிலே போடாதீர்கள். கம்ப்யூட்டர் வேலை என்று தாய்லாந்து வழியாக மியன்மாரின் மியாவடியில் இருக்கிற இணைய மோசடி முகாம்களுக்குக் கொண்டுபோய் அடைத்துவைத்த எங்கள் நாட்டுப் பிள்ளைகளின் கதை 2024இல் செய்திகளில் வந்ததுதானே. யாராவது போகத்தான் போகிறேன் என்று நின்றால், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989க்கு எடுத்து அந்த ஏஜென்சிக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். சுற்றுலா விசாவில் வேலைக்குப் போகச் சொன்னால் அதற்குமேல் கேட்கவும் தேவையில்லை.

என் 24,500 திரும்பி வரவில்லை. தோடு இன்னும் அடகில்தான். வீடியோ இதுவரைக்கும் யாருக்கும் போனதாகத் தெரியவில்லை. அம்மாவுக்கு அக்காவே சொல்லிவிட்டா, அம்மா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை, மூன்றாம் நாள் சாப்பாடு போட்டுத் தந்தா.

போன கிழமை கல்முனையில் இருக்கிற என் மச்சாளுக்கு அதே மெசேஜ் வந்திருக்கிறது. பக்கத்தின் பெயர் வேறு, “இன்று 5 இடம் மட்டும்” என்ற வரி அப்படியே. அவள் அடையாள அட்டையின் முன்பக்கத்தை அனுப்பிவிட்டாள். விலாசம் இருக்கிற பின்பக்கத்தைக் கேட்டபோதுதான் ஏதோ தட்டி, போனை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி என்னிடம் வந்தாள். அந்த நம்பரையும் சேர்த்து முறைப்பாட்டில் கொடுத்திருக்கிறோம்.