பழைய வீடியோ கருவியைத் திருத்தக் கொடுத்தேன்: 240 யூரோவும் போனது, அப்பாவின் குரலும் போனது

நேற்று மாலை அந்தக் கடையிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகும் கை நடுக்கம் நிற்கவில்லை. இரவு நித்திரை இல்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று விடியற்காலையில் உட்கார்ந்திருக்கிறேன். பாரிஸிலும் புறநகர்களிலும் இருக்கும் நம்மவர்கள் தயவுசெய்து முழுவதும் வாசியுங்கள். பழைய கருவிகளைத் திருத்தக் கொடுக்கும்போது என்னென்ன கவனிக்க வேண்டும் என்று கடைசியில் எழுதுகிறேன். கடையின் பெயரைப் போடவில்லை. கைத்தொலைபேசிக்குத் திரை மாற்றிக் கொடுக்கும் சிறிய கடை, நடத்துபவர் தமிழர். அதுவே போதும்.

கருவி எதுவென்று சொன்னால்தான் இழப்பு புரியும். ஆர்க்கோஸ் ஏ.வி.340. ஆர்க்கோஸ் இங்கே, பிரான்ஸில், 1988இல் தொடங்கிய நிறுவனம். கையில் பிடித்துப் படம் பார்க்கும், தொலைக்காட்சியிலிருந்து பதிவும் செய்யும் கருவிகளை மற்றவர்களுக்கு முன்பே சந்தைக்குக் கொண்டு வந்தவர்கள். ஆப்பிளின் ஐபாட் (iPod) பாட்டுக் கருவியில் வீடியோ பார்க்கும் வசதி 2005 ஒக்டோபரில்தான் வந்தது. என்னுடைய கருவி சேர்ந்த ஏ.வி.300 வரிசை 2003இலேயே வந்துவிட்டது. 3.8 அங்குலத் திரை, உள்ளே 40 ஜிபி வன்தட்டு (ஹார்ட் டிஸ்க்). பதிவு செய்வதற்கென்று தனியாக ஒரு துண்டு உண்டு. அதைக் கருவியில் செருகி, மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர்களை வீடியோ டெக்கில் மாட்டினால் ஓடுகிற படத்தை எம்பெக்-4 என்ற கணினி வீடியோக் கோப்பாக மாற்றி வன்தட்டில் எழுதிக்கொள்ளும். அன்றைய என் சம்பளத்துக்கு அது பெரிய விலை. மனைவி ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

அதை வாங்கியதே ஊருக்குக் கொண்டுபோகத்தான். யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 பாதை, போரால் மூடிக் கிடந்து, 2002இல் திறந்த பிறகு ஊருக்குப் போய் வரலாம் என்ற நிலை இருந்த காலம் அது. 2004 தொடக்கத்தில் வடமராட்சியில் எங்கள் வீட்டுக்குப் போனேன். தங்கையின் கலியாண வீடியோ கசெற் ஒன்று அலுமாரியில் சீலையில் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. நாடாவில் அப்போதே வெள்ளையாகப் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கியிருந்தது. பக்கத்து வீட்டு டெக்கை வாங்கி வந்து, அதில் நாடாவை வாசிக்கும் தலையைத் துடைத்து, கசெற்றைப் போட்டேன். மூன்று மணி நேரக் கசெற்றைப் பதிவு செய்ய மூன்று மணி நேரமும் பக்கத்தில் இருக்க வேண்டும். மின்சாரம் போய்விடுமோ என்ற பயத்தில் நான் எழும்பவே இல்லை. கருவியின் முதுகு சூடேறி, வன்தட்டு விட்டு விட்டுச் சுழல்வது உள்ளங்கையில் தெரிந்தது.

அந்த வீடியோவில் தாலி கட்டிய பிறகு அப்பா தேவாரம் பாடுவார். இரண்டாவது அடியில் குரல் உடைந்துவிடும். சால்வை நுனியால் கண்ணைத் துடைத்து, தொண்டையைச் செருமி, விட்ட சொல்லிலிருந்து திரும்பத் தொடங்குவார். அப்பா பாடுகிற வேறு எந்தப் பதிவும் எங்களிடம் இல்லை. அவர் 2007இல் காலமானார். அந்தக் கசெற் அதன் பிறகு ஓடாமல் போய் வீசப்பட்டுவிட்டது.

ஏன் கணினிக்கு மாற்றி வைக்கவில்லை என்று கேட்பீர்கள். யூஎஸ்பி கேபிளை மாட்டினால் அந்தக் கருவி சாதாரண வெளி வன்தட்டைப் போலத்தான் கணினியில் தெரியும், இழுத்துப் போட்டால் போதும். இன்று செய்கிறேன், நாளை செய்கிறேன் என்று வருடங்கள் ஓடிவிட்டன. அந்தப் பிழை என்னுடையது. அதற்குப் பிறகு நடந்தது என்னுடையது அல்ல.

தங்கை கனடாவில் இருக்கிறாள். அவளுடைய மகளுக்கு அடுத்த மாதம் கலியாணம். "அண்ணா, அப்பா பாடினதை மண்டபத்தில் போட வேண்டும், எடுத்து அனுப்புங்கள்" என்றாள். பெட்டியிலிருந்து எடுத்து மின்னேற்றிப் பார்த்தேன். திரை ஒளிரும், உள்ளே சுழலத் தொடங்கும் சத்தம் வரும், 'டிக், டிக்' என்று இரண்டு தரம் அடித்துவிட்டு அணைந்துவிடும்.

தெரிந்தவர் ஒருவர் சொல்லித்தான் அந்தக் கடைக்குப் போனேன். கடைக்காரர் கருவியைக் கையில் வாங்கிய விதத்தை என்னால் மறக்க முடியவில்லை. ஒரு வெள்ளைத் துணியை விரித்து, அதன்மேல் வைத்தார். "அண்ணை, இந்தப் பெட்டியைப் பார்த்து எத்தனை காலம்!" என்றார். நான் அப்பாவின் கதையைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தன் தகப்பனின் படம் ஒன்றுகூடத் தன்னிடம் இல்லை, எல்லாம் இடம்பெயர்வில் போய்விட்டது என்றார். என் கண் கலங்கிவிட்டது. "யோசிக்காதீர்கள். உள்ளே இருப்பது எனக்கும் அப்பா மாதிரி" என்றார். அந்த ஒரு வசனத்துக்காக நான் பற்றுச்சீட்டுக் கேட்கவில்லை. கேட்டால் அவரைச் சந்தேகப்படுவது போல ஆகிவிடும் என்று எனக்கே கூச்சமாக இருந்தது.

கருவி வேலை செய்யாவிட்டாலும் பரவாயில்லை, உள்ளே இருக்கும் வீடியோதான் வேண்டும் என்று மூன்று தரம் சொன்னேன். மூன்று தரமும் தலையாட்டினார்.

திறந்து பார்க்க 40 யூரோ என்றார், கொடுத்தேன். நான்கு நாள் கழித்து, பற்றரியும் வேறு ஒரு பாகமும் வெளியிலிருந்து வரவழைக்க வேண்டும், 120 என்றார். கொடுத்தேன். அடுத்த கிழமை, வேலை நினைத்ததைவிடக் கடினம், இன்னும் 80 என்றார். அதையும் கொடுத்தேன். மொத்தம் 240 யூரோ, எல்லாம் கையில் காசாக. என்ன பாகம் என்று நான் கேட்கவில்லை, அவர் சொல்லவும் இல்லை.

பத்து நாளுக்கு முன் கருவியைத் தந்தார். கடையிலேயே போட்டுக் காட்டினார், திரை வந்தது, சந்தோஷத்தில் அவருடைய கையைப் பிடித்துக் கும்பிட்டேன். வீட்டுக்கு வந்து கணினியில் மாட்டினேன். ஒரு கோப்புறையும் இல்லை. முன்பு அந்தத் தட்டின் கொள்ளளவு கணினியில் 37 ஜிபிக்குச் சற்று மேல் என்று காட்டும், 40 ஜிபி தட்டு அப்படித்தான் காட்டும். இப்போது 18.6. உள்ளே இருப்பது 20 ஜிபி தட்டு. என்னுடையது அல்ல.

அன்றே ஓடினேன். "டிஸ்க் பழுது, அதுதான் மாற்றினோம். இப்போது வேலை செய்கிறதுதானே?" என்றார். பழைய தட்டைத் தாருங்கள் என்றேன். அது வேலை செய்த பையனிடம் இருக்கிறது, அவன் விடுமுறையில், திங்கள் வாருங்கள் என்றார். திங்கள் போனேன், பையன் வரவில்லை. புதன் தொலைபேசி எடுத்தேன், மணி அடித்து அடித்து நின்றது. வேறு எண்ணிலிருந்து எடுத்தபோது உடனே எடுத்தார், என் குரலைக் கேட்டதும் கடையில் சனம், பிறகு எடுக்கிறேன் என்றார். எடுக்கவில்லை. நேற்று நேரில் போய் நின்றேன். முன்பு விரித்த அதே வெள்ளைத் துணியால் கண்ணாடி மேசையைத் துடைத்துக்கொண்டே, என்னை நிமிர்ந்து பார்க்காமல், "அது குப்பையோடு போயிருக்கும் அண்ணை. இந்தக் காலத்தில் யார் இதையெல்லாம் வைத்திருக்கிறார்கள்? நல்ல டேப்லட் ஒன்று கழிவு விலையில் தருகிறேன்" என்றார்.

குப்பையோடு! எனக்கும் அப்பா மாதிரி என்று சொன்ன அதே வாய்.

வேறு ஒரு தொழில்நுட்பக்காரரிடம் கருவியைக் காட்டினேன். அவர் சொன்னதைக் கேட்ட பிறகுதான் வயிறு எரியத் தொடங்கியது. அந்த வரிசைக் கருவிகளில் இருப்பது மடிக்கணினிகளில் போடுகிற சாதாரண 2.5 அங்குல வன்தட்டு. கழற்றி, மலிவான ஓர் இணைப்பியில் மாட்டிக் கணினியில் செருகிப் பார்ப்பது சில நிமிட வேலை. பற்றரி தளர்ந்துபோனாலும் நான் சொன்ன 'டிக், டிக்' வரலாம், ஏனென்றால் தட்டு சுழலத் தொடங்கும் கணத்தில்தான் அதிக மின்னோட்டம் வேண்டும். என் தட்டு உண்மையில் பழுதா, பற்றரி மட்டும்தான் செத்திருந்ததா என்று இனி ஒருவராலும் சொல்ல முடியாது. முதலில் அதைக் கழற்றி ஒரு தடவை செருகிப் பார்த்தாரா? நேற்று இதையும் கேட்டேன். பதில் இல்லை.

240 யூரோ எனக்குச் சின்னக் காசு இல்லை. உணவகத்தில் பாத்திரம் கழுவி உழைத்த காசு. ஆனாலும் அந்த 240 யூரோவை அவரே வைத்துக்கொள்ளட்டும், தட்டை மட்டும் தரட்டும் என்று நேற்றுக் கெஞ்சினேன். தங்கைக்கு இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

கவனிக்க வேண்டியவற்றை எழுதுவதாகச் சொன்னேன். இப்போது நிதானமாக எழுத மனம் இல்லை, இவற்றையாவது செய்யுங்கள். பழைய கருவியில் வீடியோ இருந்தால் இன்றைக்கே இரண்டு இடத்துக்குப் பிரதி எடுங்கள். திருத்தக் கொடுக்குமுன் "வன்தட்டை மாற்றக் கூடாது, அழிக்கக் கூடாது, கழற்றிய எல்லாப் பாகமும் திரும்ப வேண்டும்" என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். தட்டைக் கழற்றினால் அதன்மேல் ஒட்டியிருக்கும் விவரச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். காசாகக் கொடுக்காதீர்கள். இங்கே 25 யூரோவும் அதற்கு மேலும் வாங்கும் எந்த வேலைக்கும் விலைச்சீட்டு (பில்) கொடுக்க வேண்டும் என்பது சட்டம், நம்மவர் என்பதற்காகக் கேட்காமல் விடாதீர்கள். நுகர்வோருக்கான அரசின் சிக்னல்கொன்சோ (SignalConso) இணையத்தளத்தில் முறைப்பாடு செய்யலாம், நான் இன்று செய்கிறேன். நகரசபையில், வழக்குக்குப் போகாமல் பிணக்கைப் பேசித் தீர்த்து வைக்கும் இலவச நீதி இணக்காளரைப் பார்க்கவும் நேரம் கேட்டிருக்கிறேன், கையில் ஒரு துண்டுச் சீட்டும் இல்லாமல்.

ஒரு வேண்டுகோள். தட்டு குப்பைக்குத்தான் போனது என்று நான் நம்பவில்லை. அண்மையில் பாரிஸ் பக்கத்தில் யாராவது பாவித்த 40 ஜிபி மடிக்கணினி வன்தட்டு வாங்கியிருந்தால், அதில் எதையும் எழுதுவதற்கு முன் ஒரு தடவை திறந்து பாருங்கள். அழித்திருந்தால்கூட மீட்க வாய்ப்பு உண்டு, மேலே எழுதினால்தான் போய்விடும். ஆங்கில எழுத்தில் அப்பா என்று பெயரிட்ட கோப்புறை இருக்கும். அதற்குள் நீளமான ஒரு வீடியோ. நீலச் சால்வை போட்ட வயதானவர் ஒருவர் மணவறைக்குப் பக்கத்தில் நின்று பாடுவார். கண்டால் எனக்கு எழுதுங்கள். நீங்கள் கேட்கிற விலையைத் தருகிறேன்.