650 ரூபாய் பிரஷர் கேஜ்: எட்டு மாதம் பந்தில் குத்திப் பார்த்தபின்

கால்பந்தில் காற்று எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் டிஜிட்டல் பிரஷர் கேஜ் இது. பெரியமேட்டில் நேரு ஸ்டேடியத்தைச் சுற்றி விளையாட்டுச் சாமான் கடைகள் இருக்கின்றனவே, அதில் ஒன்றில் வாங்கினேன். 650 ரூபாய், கூடவே இரண்டு ஊசி. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், பட்டனை அழுத்தினால் திரை எரியும், ஊசியை வால்வுக்குள் விட்டால் எண் வந்து நிற்கும். எட்டு மாதமாக வாரத்துக்கு ஐந்து நாள் பயன்படுத்தியிருக்கிறேன். காற்று அளக்கிற ஒரு மீட்டருக்கு இவ்வளவு நீளமாக எழுத வேண்டுமா என்று நினைப்பவர்கள் எங்கள் கோல்கீப்பர் பையனுக்கு நடந்ததை முதலில் படியுங்கள்.

எங்கள் ஏரியா வியாசர்பாடி. சென்னையின் எஃப்.சி. கிளப்புக்கு ஆடிய தனபால் கணேஷ் இங்கே பந்து உதைத்து வளர்ந்தவர், அதனால் இங்கே பத்து வயசுப் பையனுக்கும் மனசுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். நானும் இரண்டு நண்பர்களும் வேலை முடிந்து வந்து சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறோம். போன வருஷம் அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் டோர்னமென்ட் ஒன்றுக்குப் போனோம், யார் நடத்தியது, எங்கே என்பதெல்லாம் வேண்டாம். அன்று ஆட்டத்துக்கு எங்கள் பந்து. மதியம் இரண்டு மணிக்கு, மொட்டை வெயிலில் சுவரோரம் கிடந்த பந்துக்குக் காற்றடித்தோம். நான்கரைக்கு ஆட்டம் ஆரம்பித்தது, கொஞ்ச நேரத்தில் மழை கொட்டியது, விட்டபின் மறுபடி ஆடப் போனால் பந்து தளர்ந்திருந்தது. எதிரணிக்காரர்கள் உடனே எங்கள் கோல்கீப்பரைக் காட்டினார்கள், பம்பும் ஊசியும் அவன் பையில் இருந்ததால். ஊசியைக் குத்திக் காற்றை இறக்கிவிட்டான் என்று புகார். நடத்தியவர்களில் பெரியவர் ஒருத்தர் வந்து பந்தைக் கட்டைவிரலால் இரண்டு தடவை அழுத்தினார், "காத்து இறக்கியிருக்காங்க" என்றார், அவ்வளவுதான், பதினாறு வயசுப் பையனுக்கு இரண்டு ஆட்டம் தடை. அப்பீல் உண்டா என்று கேட்டோம். உண்டு, ஐந்நூறு ரூபாய் கட்டணும் என்றார்கள். கட்டினோம். விசாரிக்க வந்து உட்கார்ந்தவர் கட்டைவிரலால் அழுத்திய அதே பெரியவர். பணமும் போச்சு, தடையும் அப்படியே இருந்தது. அடுத்த ஆட்டத்தைப் பார்க்க ஓர் அகாடமிக்கு ஆள் எடுக்கிறவர் வந்திருந்தார், எங்கள் பையன் கோட்டுக்கு வெளியே செருப்போடு நின்றான். அந்த வாரமே போய் இந்தக் கேஜை வாங்கினேன்.

வாங்கியதும் செய்த முதல் வேலை ஒரு சோதனை. எங்களிடம் ஆடும் ஒரு பையனுடைய அப்பாவுக்குக் காசிமேட்டில் வேலை, அவரிடம் மீன் வைக்கும் தெர்மாகோல் பெட்டியும் உடைத்த ஐஸும் கேட்டு வாங்கினோம். ஐந்தாம் நம்பர் பந்தில் சரியாக 10.0 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) காற்று வைத்து, பாலிதீன் கவரில் சுற்றி, ஐஸுக்குள் முக்கால் மணி நேரம் புதைத்தோம். எடுத்துக் குத்தினால் 8.3. அதே பந்தை, யாரும் காற்றடிக்காமல், மொட்டை மாடியில் வெயிலில் போட்டுவிட்டு மறுபடி குத்தினால் 10.5. சுற்றி நின்ற பிள்ளைகள் யாரும் பேசவில்லை. கோல்கீப்பர் பையன் மட்டும் "இன்னொரு வாட்டி ஐஸ்ல வைங்கண்ணா" என்றான், மூன்று தடவை வைக்கச் சொன்னான், மூன்று தடவையும் எண்ணை அவனே பார்த்துச் சொன்னான். சூட்டில் அழுத்தம் ஏறும், குளிரில் இறங்கும், பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், ஆனால் தடை போடுகிற இடத்தில் அது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. கால்பந்து விதிப்படி பந்தில் 8.5 முதல் 15.6 பி.எஸ்.ஐ. வரை இருக்கலாம், அவ்வளவு அகலமான இடம் விட்டிருக்கிறார்கள். அன்று எங்கள் பந்து தளர்ந்திருந்தாலும் விதிக்குள்ளேயே இருந்திருக்கலாம். யாரும் அளக்கவில்லையே.

சரி, கேஜுக்கு வருகிறேன். நல்லது என்ன என்றால் எண் நிலையாக நிற்கிறது, இருட்டிலும் தெரிகிறது, காற்று கூடிப்போனால் ஒரு பட்டனை அழுத்திக் கொஞ்சம் கொஞ்சமாக விடலாம். குறை ஒன்று: ஒவ்வொரு தடவை ஊசியைச் செருகும்போதும் கொஞ்சம் காற்று போகும், எங்கள் பந்தில் 0.1 அளவுக்கு. ஆளாளுக்கு வாங்கிக் குத்திப் பார்த்தால் பார்க்கப் பார்க்கக் குறையும். ஊசியை எச்சில் தொட்டுச் செருகுகிறார்கள், வேண்டாம், ஒரு சொட்டு கிளிசரின் வையுங்கள், வால்வு கிழியாது. இரண்டாவது குறைதான் பெரிசு. பெரம்பூரில் பயிற்சி கொடுக்கும் நண்பர் ஒருத்தர் இதே மாடலை வாங்கினார். ஒரே பந்து, ஒரே நிமிஷம், என்னுடையது 9.4 காட்டியது, அவருடையது 9.7. இரண்டும் புதுசு. எது சரி என்று சொல்ல வழியில்லை.

இந்த 0.3 வித்தியாசத்தைப் பார்த்ததும்தான் டாம் பிரேடி வழக்கைத் தேடிப் பிடித்து முழுசாகப் படித்தேன். நம்ம பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்காது. அது அமெரிக்க ஃபுட்பால், முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவது, லீக்கின் பெயர் என்.எஃப்.எல். ஒவ்வொரு அணியும் தான் தாக்கும்போது தன் சொந்தப் பந்தை வைத்துக்கொள்ளும், காற்று 12.5 முதல் 13.5 வரை இருக்க வேண்டும். பந்து கொஞ்சம் தளர்ந்திருந்தால் ஈரத்தில் நல்ல பிடி கிடைக்கும். 2015 ஜனவரி 18 அன்று, குளிரிலும் மழையிலும், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் வீரரான பிரேடியின் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அணி இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணியை 45-7 என்று அடித்துப் போட்டது. பேட்ரியாட்ஸ் பந்தில் காற்றை இறக்கியிருக்கிறார்கள் என்று புகார், இடைவேளையில் எடுத்து அளந்தார்கள்.

அளந்த கதைதான் என்னைத் தூங்கவிடவில்லை. ஆட்டத்துக்கு முன்னால் நடுவர் வால்ட் ஆண்டர்சன் காற்றைச் சோதித்தார், ஆனால் எண்ணை எங்கும் எழுதி வைக்கவில்லை. அவரிடம் இரண்டு கேஜ் இருந்தன, ஒன்று மற்றதைவிட 0.3 முதல் 0.45 வரை அதிகம் காட்டும். இடைவேளையில் பேட்ரியாட்ஸ் பந்துகள் பதினொன்றை அளந்தார்கள், ஒரு கேஜில் சராசரி 11.49, மற்றதில் 11.11. லீக் அமர்த்திய நிபுணர்களே போட்ட கணக்குப்படி, அறைக்குள் 12.5 இருந்த பந்து அன்றைய குளிரில் 11.32 முதல் 11.52 வரை தானாகவே இறங்கும். அப்படியானால் ஒரு கேஜின் சராசரிக்குக் குளிரே போதும், மற்ற கேஜை நம்பினால் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று வருகிறது. முன்னால் அளந்தது அதிகம் காட்டும் கேஜால்தான் என்பது நடுவரின் ஞாபகம். லீக் நியமித்த வழக்கறிஞர் டெட் வெல்ஸின் அறிக்கை, இல்லை, மற்ற கேஜால்தான் அளந்திருப்பார் என்று முடிவு செய்தது. கோல்ட்ஸ் பந்துகளை நேரம் போதாமல் நான்கோடு நிறுத்தினார்கள், அதுவும் பேட்ரியாட்ஸ் பந்துகளை அளந்து முடித்தபிறகு, அதற்குள் அவை அறைச் சூட்டில் கொஞ்சம் ஏறியிருக்கும். அப்படியும் ஒரு கேஜில் நான்கும் சரி, இன்னொரு கேஜில் மூன்று 12.5க்குக் கீழே. இதற்கெல்லாம் முன்னாலேயே, கிட்டத்தட்ட எல்லாப் பந்திலும் இரண்டு பி.எஸ்.ஐ. குறைவு என்று தேசம் முழுக்கச் செய்தி பரவியிருந்தது. மே மாதம் எண்கள் வெளிவந்தபோது பார்த்தால் அவ்வளவு குறைந்தது ஒரே ஒரு பந்து, அதுவும் ஒரு கேஜில் மட்டும்.

பிரேடி பக்கம் சுத்தம் என்று சத்தியம் செய்ய நான் வரவில்லை. பந்துகளைத் தூக்கிப் போன ஊழியர் வழியில் கழிப்பறைக்குள் நுழைந்து ஒரு நிமிஷம் நாற்பது விநாடி இருந்தார், அவரும் இன்னொரு ஊழியரும் காற்றைப் பற்றி அனுப்பிக்கொண்ட குறுஞ்செய்திகள் நன்றாகவே இல்லை, விசாரணை நடக்கும்போது பிரேடி தன் பழைய செல்போனை அழிக்கச் சொல்லியிருக்கிறார். சந்தேகப்பட இதெல்லாம் போதும். ஆனால் அறிக்கை கடைசியில் சொன்னது, அவருக்குப் பொதுவாக இது தெரிந்திருக்கவே அதிக வாய்ப்பு என்பது மட்டும்தான். அந்த ஒரு வரிக்கு நான்கு ஆட்டம் தடை, அணிக்குப் பத்து லட்சம் டாலர் அபராதம், புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் இரண்டு வாய்ப்பும் பறிபோயின. சோதித்து முடித்த பந்தில் கை வைத்தால் 25,000 டாலர் அபராதம் என்றுதான் லீக்கின் கையேட்டில் ஓர் அளவு எழுதியிருந்தது, அதற்கு மேலும் தண்டிக்கலாம் என்ற வாசலைத் திறந்து வைத்தபடி. அதற்கு ஒன்றரை மாதம் முன்னால், 2014 நவம்பரில், மின்னசோட்டாவில் கடுங்குளிரில் நடந்த ஆட்டத்தில் கோட்டோரம் பந்தைச் சூடு காட்டியது டிவியிலேயே தெரிந்தது, அதற்கு எச்சரிக்கை மட்டும்.

பிரேடி மேல்முறையீடு செய்தார். அதைக் கேட்க உட்கார்ந்தவர் லீக்கின் தலைவர், ஆணையர் ராஜர் குடெல். எந்த அலுவலகம் தண்டனை கொடுத்ததோ அதன் தலைவரே தீர்ப்பு சொல்பவர், வீரர் சங்கத்தோடு அப்போது போட்டிருந்த ஒப்பந்தம் அதற்கு இடம் கொடுத்தது. 2015 ஜூலையில் நான்கு ஆட்டத்தை அப்படியே உறுதி செய்தார். இதைப் படிக்கும்போது எனக்கு அந்தக் கட்டைவிரல்தான் கண்ணுக்கு முன்னால் வந்தது. செப்டம்பரில் நீதிபதி ரிச்சர்ட் பெர்மன் தடையை ரத்து செய்தார், 2016 ஏப்ரலில் மேல் நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்று மறுபடி கொண்டுவந்தது. பந்தில் காற்றை இறக்கினார்களா இல்லையா என்று முடிவு செய்வது எங்கள் வேலை இல்லை, ஆணையருக்கு அந்த அதிகாரம் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்பதுதான் எங்கள் கேள்வி என்கிற மாதிரிதான் அந்தத் தீர்ப்பு. எனக்கு இதுதான் ஆறவில்லை. கோடிக்கணக்கில் பணம் புழங்கும் லீக், பெரிய பெரிய வக்கீல்கள், எல்லோரும் கூடியும், இறக்கினானா இல்லையா என்ற கேள்வியை வெளியாள் ஒருவர் முன்னால் ஒரு தடவைகூட முழுசாக வைக்க முடியவில்லை. பிரேடி 2016இல் முதல் நான்கு ஆட்டத்தை வெளியே உட்கார்ந்து கழித்தார், அப்புறம் அந்த சீசன் கோப்பையை 34-28 என்று ஜெயித்தார் என்பது வேறு விஷயம். பிரேடி போன்றவர்களுக்குத் திரும்பி வர இன்னொரு சீசன் இருக்கும். அகாடமிக்காரர் மறுபடி வருவாரா என்று எங்கள் பையனுக்கு யாரும் சொல்லவில்லை.

நம்ம கால்பந்தில் ஃபிஃபா தண்டித்தால் ஸ்விட்சர்லாந்தின் லோசானில் இருக்கும் விளையாட்டு நடுவர் நீதிமன்றத்துக்குப் போகலாம். 2014 உலகக் கோப்பையில் எதிராளியைக் கடித்த உருகுவே வீரர் சுவாரெஸுக்கு நான்கு மாதத் தடை கிடைத்தபோது அங்கேதான் போனார், தடை நீடித்தது, ஆனால் கிளப்போடு பயிற்சி செய்யலாம் என்று திருத்தினார்கள். செய்த தப்பு உலகமே பார்த்த தப்பு, அதற்கும் இன்னொருத்தர் உட்கார்ந்து கேட்டார். தெரு டோர்னமென்டில் நீதிமன்றம் வேண்டாம், ஆடாத மூன்றாவது டீமின் கோச் ஒருத்தர் உட்கார்ந்தால் போதும், அதற்கு ஐந்நூறு ரூபாயும் தேவையில்லை.

கேஜ் வாங்குகிறவர்கள் கூடவே இருபது ரூபாய்க்கு ஒரு நோட்டுப் புத்தகமும் வாங்குங்கள், எண்ணை எழுதி வைக்காவிட்டால் இந்த 650 ரூபாய் வீண். நாங்கள் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் தேதி, நேரம், எந்தக் கேஜ், பந்து வெயிலில் இருந்ததா நிழலில் இருந்ததா, எண் எவ்வளவு என்று எழுதி, எதிரணிக் கோச்சிடம் கையெழுத்து வாங்குகிறோம். முதலில் முறைத்தார்கள். போன மாதம் தண்டையார்பேட்டையில் ஓர் ஆட்டம், எதிரணிக் கோச் என் கையிலிருந்து கேஜை வாங்கி அவரே இரண்டு பந்தையும் குத்திப் பார்த்து 9.6, 9.5 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நடுவில் மழை பிடித்துக்கொண்டது. விட்டபின் பந்து மெத்தென்று இருக்கிறது என்று அவர் பையன் ஒருத்தன் குரல் கொடுத்தான். அதே கேஜால் அவரே மறுபடி குத்தினார், 8.8, 8.7, இரண்டும் ஒரே அளவுக்கு இறங்கியிருந்தன. "மழைடா, போய் ஆடு" என்றார். எங்கள் கோல்கீப்பர் பம்பை எடுத்து வந்து இரண்டு பந்துக்கும் அவர் கண் முன்னாலேயே காற்றடித்தான்.

பேட்டரி எட்டு மாதத்தில் ஒரு தடவை மாற்றினேன், சின்ன வட்ட பேட்டரி, எந்த வாட்ச் கடையிலும் கிடைக்கும். கூட வந்த இரண்டு ஊசியும் உடைந்துவிட்டன, தனியாகப் பத்து ரூபாய்தான், ஐந்தாறு சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.